அளவு நாடா தொங்கிய கழுத்து

எங்கள் குடும்பத்தில் கழுத்துக் கறுப்புக்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம். அப்பாவுக்கு, நாள் முழுக்கக் கழுத்தில் தொங்கிய அளவு நாடா. எனக்கு, கல்யாணத்துக்கு முன்பு போட்டிருந்த கவரிங் சங்கிலி. என் மகளுக்கு, ஒழுங்காகத் தேய்த்துக் குளிக்காதது. மூன்றுமே தவறு என்று தெரிய எனக்கு 38 வயது ஆகவேண்டியிருந்தது. இப்போது 44. கழுத்துக் கறுப்புக்கும் சர்க்கரை நோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றி இந்த ஆறு வருடங்களில் தெரிந்துகொண்டதை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

திண்டுக்கல்லில் தையல் கடை வைத்திருக்கிறேன். அப்பா நடத்திய கடைதான். அவர் சட்டையும் பேன்ட்டும் தைத்தார், நான் ரவிக்கையும் சுடிதாரும் தைக்கிறேன். ரவிக்கைக்கு அளவு எடுக்கும்போது பின்கழுத்து இறக்கம் பார்ப்பதற்காகப் பின்னலை எடுத்து முன்னால் போட்டுக்கொள்ளச் சொல்வேன். முகூர்த்த மாதங்களில் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து கழுத்துகளைப் பார்க்கிறேன். "அக்கா, பின்னால் கொஞ்சம் ஏற்றித் தைத்துவிடுங்கள்" என்று தாழ்ந்த குரலில் ஒரு பெண் சொன்னால் காரணம் கேட்கவே வேண்டாம். பின்னலுக்கு அடியில் அந்தக் கறுப்பு இருக்கும்.

வெயிலில் கறுத்த தோல் வழவழப்பாகத்தான் இருக்கும். இது அப்படி இல்லை. தோல் தடித்து, மடிப்பு மடிப்பாகக் கோடு விழுந்திருக்கும். விரலால் தடவினால் வெல்வெட் துணியை இழைக்கு எதிராகத் தடவுவதுபோல இருக்கும். துணியோடு பழகிய விரல்களுக்கு அந்த வித்தியாசம் உடனே தெரிந்துவிடும். கறுப்புக்குத் தெளிவான எல்லை கிடையாது. மங்கிக்கொண்டே போய்த் தோளில் கரையும். அக்குளிலும் அதே கறுப்பு. பக்கத்திலேயே அரிசி நொய் அளவில் மருக்கள் தொங்கும், அளவு எடுக்கையில் நாடா அவற்றில் இடறும். என் அம்மா இதைப் பாசிப்பயற்று மாவால் தேய்த்தார், எலுமிச்சைத் தோலால் தேய்த்தார், கடைசியில் பீர்க்கங்கூட்டால் தேய்த்தார். தோல் சிவந்து எரிந்ததுதான் மிச்சம். "எத்தனை தேய்த்தாலும் அழுக்கு போக மாட்டேன் என்கிறதே" என்பார். அழுக்கு என்ற அந்தச் சொல் எனக்குள் பல வருடம் இருந்தது.

இதற்கிடையில் உடம்பு வேறு வழிகளிலும் சொல்லிப்பார்த்தது. 24 வயதில் மாதவிலக்கு இரண்டு மாதம், மூன்று மாதம் என்று தள்ளிப்போனது. வெறும் வயிற்றில் சர்க்கரை பார்த்தார்கள், 92 மில்லிகிராம். "உனக்குச் சர்க்கரை இல்லை" என்று சொல்லி மாதவிலக்கு வருவதற்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். 29 வயதில் மகள் வயிற்றில் இருந்தபோது ஆரம்ப சுகாதார நிலையத்தில் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். சாப்பிட்டுவிட்டு வந்தாலும் செய்துகொள்ளலாம் என்கிற அந்த எளிய முறையைப் பரவலாக்கியவர் சென்னையைச் சேர்ந்த மருத்துவர் வி. சேஷையா. 140-ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை. எனக்கு 156. உணவுக் கட்டுப்பாட்டிலேயே சமாளித்தேன், பிரசவத்துக்குப் பிறகு இயல்புக்கு வந்துவிட்டது. "வருடம் ஒரு முறை பரிசோதனை செய்துகொள்" என்று சீட்டில் எழுதிக் கொடுத்த செவிலியரின் முகம்கூட நினைவிருக்கிறது. நான் ஒன்பது வருடம் போகவில்லை. குழந்தை பிறந்ததும் நோய் போய்விட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்களால் தாயின் உடம்புக்கு வழக்கத்தைவிட மிக அதிகமாக இன்சுலின், அதாவது ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கக் கணையம் சுரக்கும் ஹார்மோன், தேவைப்படுகிறது. அந்தக் கூடுதல் வேலையைக் கணையத்தால் முழுதாகச் செய்ய முடியவில்லை என்பதுதான் அன்றைய 156-க்குப் பொருள். பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட எனக்குப் பல மடங்கு அதிகம் என்று அந்த எண் அன்றே சொல்லிவிட்டது. கேட்கத்தான் ஆள் இல்லை.

38 வயதில், வலது விலாவுக்குக் கீழே பாரமாக இருக்கிறது என்று ஒரு மருத்துவரிடம் போனேன். அறுபது வயதுப் பெண்மணி. கையில் இருந்த பரிசோதனைத் தாள்களை நீட்டினேன், அவர் வாங்கவில்லை. எழுந்து வந்து என் பின்னலைத் தூக்கிப் பின்கழுத்தைப் பார்த்தார். கட்டைவிரலால் ஒரு முறை தடவினார். "எத்தனை வருடமாக இருக்கிறது அம்மா?" என்றார். பதினைந்து வயதிலிருந்து என்றேன். "அப்படியென்றால் உங்கள் கணையம் 23 வருடமாகக் கூடுதல் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது" என்றார்.

சர்க்கரை நோய் என்றால் இன்சுலின் குறைந்துபோவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எனக்குக் குறையவில்லை, தேவைக்கு மேல் இருந்தது. தெருமுனையில் விளையாடும் பிள்ளையைத் தாய் கூப்பிடுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார் அவர். முதல் குரலுக்குப் பிள்ளை வருவதில்லை. குரலை உயர்த்துகிறாள். மேலும் உயர்த்துகிறாள். பிள்ளை எப்படியோ வீடு வந்து சேர்ந்துவிடுகிறது, ஆனால் அதற்குள் தெருவே திரும்பிப் பார்த்துவிடுகிறது. தசையும் கல்லீரலும்தான் காதில் வாங்காத பிள்ளை. குரல் இன்சுலின். ரத்தச் சர்க்கரை 92 என்று காட்டியதற்குக் காரணம், அந்த 92-ஐப் பிடித்து நிறுத்தக் கணையம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்ததுதான். சர்க்கரையை மட்டும் அளந்தவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை.

திரும்பிப் பார்த்த தெருவில்தான் என் கழுத்தும் இருந்தது. அளவுக்கு மீறிய இன்சுலின், தோல் செல்களில் வளர்ச்சியைத் தூண்டும் வேறொரு ஹார்மோனுக்கான ஏற்பியிலும் போய் ஒட்டிக்கொள்கிறது. தோல் வேகமாகப் பெருகித் தடிக்கிறது, கறுக்கிறது. சினைப்பையில் அதே மிகுதி ஆண் ஹார்மோன் சுரப்பைக் கூட்டுகிறது; மாதவிலக்கு தள்ளிப்போனதன் பின்னணி அது. கல்லீரலில் நடப்பதுதான் எனக்கு மிக விசித்திரமாகப் பட்டது. இன்சுலின் அங்கே இரண்டு கட்டளைகள் இடுகிறது. சர்க்கரை தயாரிப்பதை நிறுத்து, மிஞ்சியதைக் கொழுப்பாக்கு. முதலாவது கட்டளை கல்லீரலின் காதில் விழுவதில்லை, இரண்டாவது நன்றாக விழுகிறது. அதனால் சர்க்கரையும் கூடுகிறது, கொழுப்பும் படிகிறது. ஸ்கேனில் என் கல்லீரலில் கொழுப்பு இருந்தது. ரத்தக் கொழுப்பில் ஒரு வகையான டிரைகிளிசரைடு 228, நல்ல கொழுப்பு என்கிற ஹெச்டிஎல் 36. விலாவுக்குக் கீழே இருந்த பாரத்துக்கும் பின்கழுத்துக் கறுப்புக்கும் வேர் ஒன்றுதான்.

பிறகு தேடிப் படித்தேன். ரத்தத்தில் இன்சுலினைத் துல்லியமாக அளக்கும் முறையை அமெரிக்காவில் ராசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் கண்டுபிடித்தார்கள். 1960-ல் அவர்கள் அளந்து பார்த்தபோது, வயது வந்தபின் சர்க்கரை நோய் வந்தவர்களில் பலருக்கு இன்சுலின் குறையவில்லை, அதிகமாகவே இருந்தது. அந்த அளவீட்டு முறைக்காக யாலோவுக்கு 1977-ல் நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் அதற்குள் இறந்துவிட்டார். கழுத்துக் கறுப்பையும், இன்சுலினின் குரலை உடம்பு காதில் வாங்காத இன்சுலின் எதிர்ப்பு என்ற நிலையையும் சேர்த்து விவரித்த அமெரிக்க ஆய்வுக் கட்டுரை 1976-ல் வந்தது. அது நான் பிறப்பதற்கும் முன்பு. அத்தனை வருடமாகத் தெரிந்த ஒன்று எங்கள் வீட்டுக் குளியலறை வரைக்கும் வந்து சேரவே இல்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனம் ஆறுவதில்லை.

அப்பாவின் கதையை இங்கேதான் சொல்ல வேண்டும். அவர் ஒல்லி. கழுத்துக் கறுப்பு எப்போதிலிருந்து என்று யாருக்கும் தெரியாது, நாடாவின் மேல் பழி போட்டுவிட்டோம். 48 வயதில் கால் புண் ஆறாமல் போனபோதுதான் சர்க்கரை தெரிந்தது. 1998-ல் முடிவுகள் வெளியான பிரிட்டனின் பெரிய ஆய்வு ஒன்று, நோய் கண்டுபிடிக்கப்படும் நாளிலேயே இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களின் திறனில் ஏறக்குறையப் பாதி போய்விட்டிருக்கும் என்று காட்டியது. பல வருடம் கத்திய தொண்டை கட்டிப்போகிறது. அப்பாவுக்கு 60 வயதில் மாத்திரைகள் போதாமல் ஊசி தொடங்கியது. ஒரே வீட்டில் அவருக்கு இன்சுலின் போதவில்லை, எனக்கு மிதமிஞ்சி இருந்தது. இரண்டும் வெவ்வேறு நோய் என்றுதான் நினைத்தேன். அவர் 25 வயதில் நின்ற இடத்தில்தான் நான் நிற்கிறேன் என்று மருத்துவர் சொன்ன அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வீட்டில் ஊசி போட்டுக்கொள்பவர்கள் இருந்தால் இதையும் அடுத்த பத்தியையும் கட்டாயம் படியுங்கள். நம் நாட்டில் இன்சுலின் பெரும்பாலும் இரண்டு அடர்த்திகளில் வருகிறது. வழக்கமான சீசாவில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் குப்பிகளிலும் சில சீசாக்களிலும் 100 யூனிட். சிரிஞ்சும் அதற்கேற்ப வேறு: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி.

ஒரு முறை மருந்துக் கடையில் 100 யூனிட் சீசாவையும் சிவப்பு மூடி சிரிஞ்சையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். அப்பா வழக்கம்போல 16-ஆவது கோடு வரை இழுத்தார். 16 யூனிட்டுக்குப் பதிலாக உள்ளே போனது 40 யூனிட். இரவு பதினொரு மணிக்கு அவர் பனியன் பிழிந்தால் தண்ணீர் சொட்டும் அளவுக்கு நனைந்திருந்தது. இறந்துபோன அம்மாவின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். சர்க்கரை 48. நினைவு இருந்ததால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்தேன். கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்து, மறுபடி கொடுத்து, ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். அன்றிலிருந்து சீசாவின் எண்ணையும் சிரிஞ்சின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எங்கள் வீட்டில் ஊசி போடுவதில்லை.

இனி என் விஷயம். முதல் பரிசோதனையில் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.2 என்று வந்தது. மருத்துவர் அதை உடனே நம்பவில்லை. என் ஹீமோகுளோபின் 9.6-தான் இருந்தது. இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையில் அந்த எண் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, சோகை தீர்ந்தபின் மறுபடி எடுத்தபோது 5.9. வெறும் வயிற்றில் 106, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு 168. சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. ரத்தச் சோகை உள்ள பெண்கள் ஹெச்பிஏ1சி ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம். வெறும் வயிற்றுச் சர்க்கரை ஒன்றை மட்டும் பார்த்து நிம்மதி அடையவும் வேண்டாம். இன்சுலினையே அளந்து பார்க்கலாமே என்று கேட்டேன். ஆய்வகத்துக்கு ஆய்வகம் எண் மாறும், உங்கள் கழுத்தும் இடுப்பும் டிரைகிளிசரைடும் சொல்வதைவிட அது புதிதாக எதையும் சொல்லிவிடாது என்றார். அந்தப் பணம் மிச்சம்.

இடுப்பளவு விஷயத்தில் ஒரு தையல்காரியாக எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. பாவாடைக்கு நாங்கள் எடுக்கும் அளவு இடுப்பளவு இல்லை. பாவாடை நாடாவை வயிற்றுக்குக் கீழே இறக்கிக் கட்டுகிறோம், அதனால் வயிறு எத்தனை பெருத்தாலும் அந்த எண் அதிகம் மாறாது. ஆண்கள் பேன்ட் அளவைச் சொல்லும்போதும் இதே கதைதான். 34 பேன்ட் போடுகிறவரின் தொப்பை 40 இருக்கும். சரியான இடம், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில். துணி இல்லாமல், மூச்சை இயல்பாக வெளியே விட்டபின், நாடா இறுக்காமல். நம் நாட்டவர்களுக்குப் பெண்கள் என்றால் 80 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தொன்றரை இஞ்ச். ஆண்கள் என்றால் 90, முப்பத்தைந்தரை இஞ்ச். அதற்குமேல் போனால் எச்சரிக்கை. கல்யாணத்தின்போது என் அளவு நோட்டில் 27 என்று அப்பா கைப்பட எழுதியிருக்கிறார். 38 வயதில் எடை 58 கிலோதான், எல்லோரும் ஒல்லி என்றார்கள். அளந்தால் 35 இஞ்ச். கையும் காலும் மெலிந்து வயிறு மட்டும் பெருத்த உடம்பு நம்மில் ஏராளம். எடை இயந்திரம் அதைக் காட்டாது.

உணவில் நான் முதலில் செய்தது பெரிய தவறு. அரிசியை நிறுத்திவிட்டுக் காலையில் இரண்டு டம்ளர் கேழ்வரகுக் கஞ்சி குடித்தேன். அப்பாவின் குளுக்கோமீட்டரில் ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 184. நைசாக அரைத்து, காய்ச்சி, குடித்துவிட்டால் எந்தத் தானியமும் விரைவாகத்தான் ரத்தத்துக்குப் போகும் என்று அப்போது தெரியவில்லை. அதே கேழ்வரகை அடையாக, முருங்கைக் கீரை நிறையப் போட்டு, ஓர் அடையோடு ஒரு கிண்ணம் சுண்டலும் சாப்பிட்டபோது 138. இட்லியை விடவில்லை. ஐந்தை மூன்றாக்கி, காய் மிதக்கும் சாம்பாரும் ஒரு முட்டையும் சேர்த்தேன். மதியம் முதலில் பொரியலும் பருப்பும், அதன் பிறகு சோறு, அதுவும் இரண்டு கரண்டி. இந்த வரிசை மாற்றம் மட்டுமே எனக்குக் கண்கூடாகப் பலன் கொடுத்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை டீ. தீபாவளி சமயத்தில் ஆறு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை, கூடவே ஒரு முறுக்கோ பன்னோ. நாள் முழுக்க இன்சுலின் இறங்கவே நேரம் கொடுக்காமல் இருந்திருக்கிறேன். இப்போது இரண்டு டீ, சர்க்கரை இல்லாமல். பழக ஒரு மாதம் ஆனது.

பத்து வருடத்துக்கு முன்பு கால் மெஷினுக்கு மோட்டார் மாட்டியிருந்தேன். அதைக் கழற்றிவிட்டேன். அவசர வேலைக்கு மட்டும் மோட்டார் மெஷின், மற்றதெல்லாம் மிதிதான். சாப்பிட்டபின் நம் ரத்தத்தில் சேரும் சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்வது தசை. வேலை செய்கிற தசை இன்சுலினின் அழைப்புக்குக் காத்திராமலே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். காதில் வாங்காத பிள்ளை தானாக வீட்டுக்கு ஓடி வருவதுபோல. மதியச் சாப்பாட்டுக்குப் பின் கடைத் தெருவில் கால் மணி நேரம் நடை, மாலையில் அரை மணி நேரம். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது நாளுக்கு முப்பது முறை. பண்டிகைக் காலத்தில் இரவு இரண்டு மணி வரை தைப்பதை விட்டேன். தூக்கம் குறைந்தால் மறுநாளே உடம்பு இன்சுலினுக்குக் காது கொடுப்பது குறையும். வருமானத்தில் இடித்ததை மறைக்க மாட்டேன். இரண்டு தீபாவளிகள் நெருக்கடிதான்.

மருத்துவர் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையும் எழுதினார். முதல் இரண்டு வாரம் வயிற்றைப் பிரட்டியது. சாப்பாட்டின் நடுவில் போட்டுக்கொள்ளச் சொன்னார், அடங்கியது. நீண்ட நாள் எடுப்பவர்கள் வைட்டமின் பி12 அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சென்னையில் சர்க்கரை நோய் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் என்னைப் போன்ற நிலையில் இருந்த 531 பேரைக் கண்காணித்து 2006-ல் வெளியிட்ட ஆய்வை என் மருத்துவர்தான் சொன்னார். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்று வருடத்தில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. உணவையும் நடையையும் மாற்றியவர்களில் 39 சதவீதம். மெட்ஃபார்மின் எடுத்தவர்களிலும் ஏறக்குறைய அதே அளவுதான் குறைந்தது. அந்த 55 என்ற எண்தான் என்னை நடக்கவைத்தது. பாதிக்கு மேல், வெறும் மூன்று வருடத்தில்.

பதினான்கு மாதம் கழித்து எடை 53, இடுப்பு 32, டிரைகிளிசரைடு 131, ஹெச்பிஏ1சி 5.5. இடுப்பில் இன்னும் அரை இஞ்ச் பாக்கி, அது இன்றுவரை இறங்கவில்லை. கழுத்துக் கறுப்பு முழுதாகப் போகவில்லை, ஆனால் அந்த வெல்வெட் போய்விட்டது. ஒரு நாள் சங்கிலிக் கொக்கியை மாட்டும்போது விரலுக்கு வழவழப்பாகப் பட்டது. சங்கிலியை மேசையில் வைத்துவிட்டு மறுபடி மறுபடி தடவிப் பார்த்தேன்.

கழுத்துக்கென்று கடையில் விற்கும் வெளுக்கும் களிம்புகளை வாங்காதீர்கள். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், தோல் மெலிந்து புண்ணாகும், உள்ளே இன்சுலின் அப்படியே இருக்கும். பெரியவர்களுக்கு இந்தக் கறுப்பு திடீரென்று, சில மாதங்களில், உடல் இளைப்போடு சேர்ந்து வந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். அபூர்வமாக உள்ளே இருக்கும் புற்றுநோயின் அறிகுறியாகவும் வரும்.

என் மகளுக்கு இப்போது 15. போன வருடம் பள்ளியில் ஓர் ஆசிரியை எல்லோர் முன்பும், "கழுத்தைத் தேய்த்துக் குளித்துவிட்டு வர மாட்டாயா?" என்று கேட்டிருக்கிறார். அவள் என்னிடம் சொல்லவில்லை. பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் கழுத்தைத் தேய்த்து, ரத்தம் துளிர்த்திருந்ததைப் பின்னல் போடும்போதுதான் பார்த்தேன். தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே, தாத்தாவின் நாடாவிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன். அது அழுக்கு இல்லை என்பதை நான்கைந்து முறை சொல்ல வேண்டியிருந்தது. அவளுக்குத் தனிச் சமையல் கிடையாது, எடையைப் பற்றிப் பேச்சும் கிடையாது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. பள்ளிக்கு சைக்கிளில் போகிறாள், சனி ஞாயிறுகளில் எறிபந்து ஆடுகிறாள். வருடத்துக்கு ஒரு முறை இருவரும் ஒரே நாளில் ரத்தம் கொடுக்கிறோம்.

பள்ளி ஆண்டு விழாவுக்கு அவளுக்கு ரவிக்கை தைக்கிறேன். நேற்று பின்னலை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டு நின்றாள். கறுப்பு இன்னும் இருக்கிறது. பின்கழுத்து இறக்கம் எவ்வளவு என்று கேட்டேன். "ஆறு இஞ்ச் அம்மா" என்றாள். நோட்டில் குறித்துக்கொண்டேன்.